போகிக்கு வர வேண்டாம் என்று மீனாச்சிக்கு எழுதியது

என் மீனாச்சிக்கு, நீ இருந்தவரை ஒரு கடிதமும் எழுதியிராத உன் வீட்டுக்காரன் ஆசையோடும் கூச்சத்தோடும் எழுதிக்கொள்வது.

எழுத வேண்டிய தேவை நமக்கு வந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து காஜா பேராங்கில் உன் அம்மா வீட்டுக் கூரையின் கீழேதான் இருவரும் இருந்தோம். உனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நான் பேசும் தமிழிலும் பாதியைச் சிரித்துத் தள்ளிவிட்டு மீதியைப் புரிந்துகொள்வாய். ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். எழுதினால்தான் என் யோசனை ஒழுங்குக்கு வருகிறது. நீ பேசிய மலாயைத் தமிழாக்கி எழுதியிருக்கிறேன். தப்பாயிருந்தால் வழக்கம்போல் சிரித்துக்கொள்.

பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருடமாகியும் பாடக் குறிப்பு எழுதும் பழக்கம் போகவில்லை. ஆகவே முதலில் வரிசை:

1. நாம் காசிக்குப் போய்ச் சேர்ந்த கதை. உனக்கு இது தெரியும். ஆனால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.
2. தவணை முடியுமுன் திரும்பி வந்த காரணம்.
3. இந்த வருடம் போகிக்கு நீ வர வேண்டாம் என்பது.
4. உனக்கு ஒரு வாக்கு.

இன்றுதான் போகி. காஜா பேராங்கில் வீட்டுக்கு வீடு பார்ச்சு. இறந்தவர்களுக்கு வாழையிலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் பரப்பி, சாம்பிராணி போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடும் நாள். சென்ற போகி துக்க வருடத்தில் வந்ததால் இங்கே இலை போடவில்லை. ஆகவே இதுதான் உனக்கு முதல் இலை. நமக்குப் பிள்ளை இல்லை. இந்த வீட்டில் இலை போட என்னை விட்டால் ஆளில்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் மூன்றாவதை எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

காசி ஆசை எனக்கு வந்தது ஓய்வு பெற்ற பிறகு. அங்கே தமிழர் மடம் ஒன்றில் வெளியூர்ப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு தவணைக்கு சமஸ்கிருத பாடம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். இடம் உண்டு என்று பதில் வந்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று எழுதிவிடலாமா என்று உன்னைக் கேட்டேன்.

"எழுதினது எழுதியாச்சு லா," என்றாய். "நானும் வரேன். நீங்க தொலைஞ்சு போனா யார் தேடறது?"

என் அப்பா எஸ்டேட்டில் சாகும்வரை 'ஊர்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு அது. மலாக்காவில் பிறந்த எனக்கு அது வெளிநாடு. பினாங்கில் ஏறிய கப்பலில் நான் தலை தூக்கவில்லை. நீதான் மேல்தட்டில் எல்லாருடைய குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாய். நாகப்பட்டினத்தில் சுங்கத்துக்காரர் "சொந்த ஊர் எது?" என்று கேட்டார். அப்பாவின் ஊர்ப் பெயரைச் சொல்வதா, நான் பிறந்த எஸ்டேட்டைச் சொல்வதா என்று திணறிக்கொண்டிருந்தேன். நீ என் தோளுக்கு மேலாக எட்டி "காஜா பேராங்!" என்றாய்.

அவர் உன் கெபாயாச் சட்டையையும் சாரோங்கையும் ஏற இறங்கப் பார்த்தார். "அது எந்த ஜில்லாம்மா?"

"மலாக்கா," என்றாய் உன் அரைத் தமிழில். "யார் கேட்டாலும் வழி காட்டும்."

வரிசை முழுவதும் சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் மட்டும் குனிந்து பெட்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

காசிக்குள் ரயில் நுழைந்தது விடிகாலையில். பாலத்தின்மேல் வண்டி போனபோது எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். காசை ஆற்றில் எறிந்தார்கள். எத்தனையோ வருடம் புத்தகத்தில் படித்த ஆறு அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜனம் எழுந்த நெரிசலில் நம் மூட்டை போய்விடுமே என்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கங்கையை நீ பார்த்துச் சொல்லித்தான் நான் முதலில் அறிந்தேன். "பெரிசா இருக்கு. நம்ம மலாக்கா ஆத்தைவிடக் கொஞ்சம் சுத்தம்," என்றாய்.

மடத்து வாசலில் மானேஜர் நம் பெட்டியைத் தாண்டும்போது நின்றார். மெழுகு வைத்து அடைத்து, மூன்று துணி சுற்றி நீ உள்ளே வைத்திருந்த பெலாச்சான் டப்பாவிலிருந்து, உப்பிட்டு இடித்த கூனி இறாலின் மணம் எல்லாவற்றையும் மீறி வந்துகொண்டிருந்தது. வெங்காயம்கூடச் சேர்க்காத மடம் அது.

"என்ன நாத்தம் இது?"

"மருந்து," என்றேன். நாக்கு தானாகச் சொன்னது. "மலாய் நாட்டு மருந்து. வயிற்றுக்கு."

அறைக்குள் போனதும் நீ வாயில் தோள் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தாய். "பொய் இல்லையே. அது இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. வயித்துக்குத்தானே!" பக்கத்து அறையில் இருந்த தஞ்சாவூர் மாமி ஒருநாள் வயிற்று உபாதை என்று அந்த மருந்தில் கொஞ்சம் கேட்டு வந்தபோது நான் மாடிக்கு ஓடிவிட்டேன். நீதான் கையை விரித்து "ஹாபிஸ், மாமி, ஹாபிஸ்!" என்று தீர்ந்துபோனதாகச் சொல்லி அவரைக் காப்பாற்றினாய்.

மூன்று மொழி படித்தவன் நான். கடைவீதியில் கத்தரிக்காய்க்கு சமஸ்கிருதத்தில் விலை கேட்டேன். நான் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்து அந்தக் கடைக்காரன் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாளிலிருந்து நீ போனாய். ஒரு மொழியும் தெரியாமல், விரலை மடக்கியும் முகத்தைச் சுளித்தும் காய் வாங்கி வந்தாய். கொசுறாகக் கொத்தமல்லியும் வரும். நான் தினமும் வகுப்பில் கடைசியாக உட்கார்ந்து, தெரிந்த பதிலையும் சொல்லாமல் திரும்பி வந்தேன். புண்ணிய நகரத்தில் எனக்கு வந்ததெல்லாம் பயமும் வீட்டு நினைவும்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிணம் எரியும் கட்டத்தருகே படகு போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ பார்த்துக்கொண்டே வந்தாய். கரை ஏறியபின் ஒன்றே ஒன்று கேட்டாய்: "இவங்க வீட்டுலெல்லாம் போகிக்கு எப்படிக் கூப்பிடுவாங்க?"

நான் படகுக்காரனுக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன். உன் கேள்வி எனக்குப் புரிந்ததா என்று இப்போது சந்தேகமாயிருக்கிறது.

இனி இரண்டாவது.

கார்த்திகைக் குளிர் உன் நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் வந்தது. தஞ்சாவூர் மாமி உன் தலைமாட்டில் உட்கார்ந்து சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார். காசியில் உயிரை விட வேண்டும் என்றே வந்து, வருடக் கணக்காக அங்கே காத்திருந்தவர் அவர்.

"கொடுத்து வெச்சவடி நீ," என்றார் உன்னிடம். "நானும் காத்துண்டே இருக்கேன், எனக்கு ஒரு தும்மல்கூட வரமாட்டேங்கறது. இங்கே பிராணன் போனா சிவனே காதுல வந்து சொல்லுவார். அப்புறம் திரும்பி வரவே வேண்டாம்."

நீ என் பக்கம் திரும்பினாய். "என்ன சொல்றாங்க? திரும்பி வர வேண்டாமா, வர முடியாதா?"

"முக்தி," என்றேன். "முக்தி அடைந்தவர் திரும்புவதில்லை."

"போகிக்குக்கூடவா?"

மாமி என்ன ஏது என்று கேட்டார். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன் கடல் கடந்த தமிழர் என்றும், பேச்சு மலாயாகிவிட்டாலும் கோயிலை விடவில்லை என்றும், இறந்தவர் வருடா வருடம் வந்து இலையில் உட்காருவதாக நம்புகிறார்கள் என்றும் பாடம் நடத்துவதுபோல் விளக்கினேன். மாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக யாராவது முக்தியை விடுவாளா!"

உன் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். கடலுக்கும் ரயிலுக்கும் பயப்படாதவள் நீ. மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "முக்தி அடைந்தவருக்குப் பசி கிடையாது. பிறகு எதற்கு வர வேண்டும்?" என்றார். எனக்கு அது திருப்தியான பதிலாகப் பட்டது. ஓட்டமும் நடையுமாக வந்து உன்னிடம் சொன்னேன்.

நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய். "பசிக்கா வராங்க? செத்தவங்களுக்கு என்ன பசி? எங்கம்மா வந்தா நேரா அடுப்படிக்குத்தான் போவாங்க. யார் சமைக்கிறா, யாரு சண்டை போட்டுக்கிட்டு வராம இருக்கா, உங்க சட்டைக்குப் பொத்தான் இருக்கா, எல்லாம் பாத்துட்டுத்தான் போவாங்க. மக்கான், சாப்பாடு எல்லாம் நாம வைக்கறது, நம்ம மரியாதை." மூச்சு வாங்கியது. "நான் இங்க சாக மாட்டேன். மாவ் பூலாங், வீட்டுக்குப் போகணும். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஆசிரியர் முன்னால் போய் நின்றேன். மனைவி முக்திக்குப் பயப்படுகிறாள் என்று எப்படிச் சொல்வது? குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பாதித் தவணையோடு புறப்பட்டோம். மாமி உன்னைப் பைத்தியம் என்று திட்டிக்கொண்டே, வாய் அடைத்த கங்கைச் செம்பு ஒன்றை உன் கையில் வைத்தார். "அங்கே போனாலும் கடைசியில வாயில விடச் சொல்லு."

அந்த மாமிக்கு ஒரு தும்மலாவது வந்ததா, மீனாச்சி? சண்டையில் கடல் அடைபட்ட பிறகு யாரிடம் கேட்பது?

அந்தப் போகிக்கு நாம் வீட்டில் இருந்தோம். உன் அம்மாவுக்கு நீ பாராங் மீனில் புளி கரைத்துப் பிண்டாங் வைத்தாய். மெலிந்து போயிருந்தாலும் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தாய். என்னை மட்டும் அன்றிலிருந்து ஊரெல்லாம் 'காசி வாத்தியார்' என்று கூப்பிட ஆரம்பித்தது. பாதித் தவணை படித்தவன் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கூசிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அவன் வந்த வருடத்து மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் நான் அந்தச் செம்பை எடுத்தபோது கண்ணாலேயே வேண்டாம் என்றாய். கிணற்றுத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாய். செம்பு இன்னும் அடைத்தபடி அலமாரியில் இருக்கிறது.

அதன்பின் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கடிகாரங்களெல்லாம் இப்போது தோக்கியோ நேரம் காட்டுகின்றன. வெயில் ஏறுமுன்பே மத்தியானம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நிப்பான் மொழி. தெருவில் சிப்பாயைக் கண்டால் இடுப்பு வரை குனிய வேண்டும். அரிசி என்ற சொல்லையே ஜனங்கள் மெதுவாகத்தான் உச்சரிக்கிறார்கள். உன் செம்பருத்தி நின்ற இடத்தில் உபி நட்டிருக்கிறேன். இனி என்றும் மரவள்ளிதான் போலிருக்கிறது.

மூன்றாவதற்கு வந்துவிட்டேன்.

என் பழைய மாணவன் மாரிமுத்துவை உனக்கு நினைவிருக்கும். வாய்ப்பாடு சொல்லும்போது அழுவானே, அவன்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் செமாபோக்கில் அரிசிக் கிடங்கில் வேலையாயிருக்கிறான். போன வாரம் தெருவில் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னா வாத்தியாரே, இப்புடி எளைச்சிட்டீங்க! போகிக்கு அம்மாவுக்கு எலை போடணும்ல? செமாபோக் பக்கம் வாங்க, எலைக்கு அரிசி நான் தாரேன். நானே கொண்டாந்துருவேன், சைக்கிள்ல அரிசியோட புடிச்சான்னா அவ்ளோதான். நீங்க வயசானவங்க, ஒங்க பைய தொறந்து பாக்க மாட்டான்."

நேற்றுக் காலை துணிப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டேன். ஆற்றுப் பாலம் வரைக்கும் போனேன். பாலத்து முனையில் காவல் நின்றவன் முன்னால் ஒரு சீனப் பெரியவர், என் வயதுதான் இருக்கும், ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சரியாகக் குனியவில்லையாம். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, பாலத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கீரை விற்கும் பெண்கள்கூடப் போனார்கள். என் கால் போகவில்லை. எப்படிக் குனிய வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு பாடத்தை ஒப்பிப்பதுபோல இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். பை இடுப்பிலேயே இருந்தது.

கடல் கடந்து காசிக்குப் போய் வந்த வாத்தியார், உன் இலைக்காக இந்த ஆற்றைக் கடக்கவில்லை. பாவம், மாரிமுத்து எவ்வளவு நேரம் காத்திருந்தானோ?

உன் தங்கை சரசுவிடம் இலையை நானே போட்டுக்கொள்கிறேன், யாரும் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். வாசற்கதவைச் சாத்தியிருக்கிறேன். வீட்டில் உபி இருக்கிறது, வேறெதுவும் இல்லை. காசியில் சாக மறுத்து, எனக்குத் தவணையை விடவைத்து, போகிக்கு வர வேண்டும் என்றே திரும்பி வந்தவள் நீ. உன்னுடைய முதல் இலையில் வேகவைத்த மரவள்ளியை வைத்துவிட்டு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஆகவே இந்த வருடம் வராதே, மீனாச்சி. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இதுவரை காலையில் எழுதியது.

பேனாவை மூடிக்கொண்டிருந்தபோதே கதவு அதிர்ந்தது. "அபாங்! உயிரோட இருந்தா கதவைத் திறங்க! செத்திருந்தாலும் சொல்லிடுங்க, சாயங்காலம் உங்களுக்கும் சேத்து ஒரு இலை போட்டுடறேன்!"

சரசுதான், என்னை அபாங், அண்ணன் என்று கூப்பிட வேறு யார்? திறந்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருமே அங்கேதான் முதலில் போவீர்கள். அடுப்புச் சாம்பலில் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏன் பத்தவைக்கல?"

"அரிசி இல்லை."

"யார்கிட்ட இருக்கு?"

பாலத்தைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வெட்கம் வந்தது. "மாலுவாயிருக்கு, சரசு," என்றேன்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "யாருக்கு மாலு? வெளிய வந்து மூக்கை நீட்டிப் பாருங்க. கம்போங் முழுக்க உபிதான் வேகுது. கோயில்காரர் வீட்டுல உபி. எங்க வீட்டுல உபி. இன்னிக்கு வர்ற செத்தவங்க அத்தனை பேருக்கும் உபிதான். எங்கம்மா வருவாங்க, எங்கப்பா வருவாங்க, பக்கத்து வீட்டு மாமா வருவார். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள போயிடுவாங்க. எங்கக்கா மட்டும் தெருவுல நிக்கணுமா, சாத்துன கதவைப் பாத்துக்கிட்டு? முதல் வருஷம்!"

நான் போய் வாசற்கதவை அகலத் திறந்து வைத்தேன்.

"எங்க வீட்டுக்கு வருவாங்கன்னு நினைக்காதீங்க. அவங்களுக்கு அவங்க அடுப்புதான். போங்க, போய் உபி தோண்டுங்க. காசிக்குப் போயிட்டு வந்தவருக்கு இதுகூட நான் சொல்லணும்."

தோண்டினேன். அவள் துருவிப் பிழிந்து, அரைமூடித் தேங்காயைப் பிசைந்து, இலையில் பொட்டலமாக மடித்து வேகவைத்தாள். எங்கிருந்தோ ஒரு பாராங் மீன் தலை கொண்டு வந்திருந்தாள். மீன் என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. புளி கரைத்து அதைப் பிண்டாங்காக்கினாள். பெலாச்சானுக்கு அலமாரியில் தேடியபோது உன் டப்பா கையில் அகப்பட்டது. அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டினாள். "இதானே காசிக்குப் போயிட்டு வந்த மருந்து?" என்று கேட்டுவிட்டு, உன்னைப் போலவே வாயில் தோள் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ போன பிறகு இந்த அடுப்படியில் சிரிப்புக் கேட்டது இன்றுதான்.

இலை போட்டாயிற்று. உன் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, நடுவில் உனக்கு. சாம்பிராணி வைத்தபின் சரசு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதல்ல அந்தச் சட்டையை மாத்துங்க, அபாங். நெஞ்சுல பொத்தான் இல்ல. அக்கா வந்து பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு மடத்து அறையும், எழுந்து உட்கார்ந்த நீயும், அந்த ஆசிரியரின் பதிலை ஓட்டமும் நடையுமாகக் கொண்டு வந்த நானும் ஒன்றாகக் கண்முன் வந்தோம். நீ அன்றே சொல்லிவிட்டாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், மனத்தில் வாங்கவில்லை. வேறு சட்டை இல்லாததால் பொத்தானைத் தைத்துக்கொண்டேன். நூலின் நிறம் ஒத்துப்போகவில்லை. நீ கண்டுபிடிப்பாய்.

இப்போது வீட்டுக்கு வீடு எல்லாரும் வாசலில் இறங்கி நிற்கிறார்கள். வருகிறவர்கள் சாப்பிடும்வரை நாம் உள்ளே இருக்கக் கூடாதே. சரசு கத்துகிறாள்: "அபாங், எழுதினது சுடா லா, போதும்! நீங்க நடுவுல உக்காந்திருந்தா அக்கா எப்படி உள்ள வருவாங்க?" உரக்க வாசிக்க நேரமில்லை. தாளை உன் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். உனக்கு எழுத்துத் தெரியாது, உன் அம்மாவையும் கேட்க முடியாது, அவருக்கும் தெரியாது. எப்படியாவது புரிந்துகொள்.

நான்காவது, வாக்கு. பாலத்தைக் கடப்பேன் என்று எழுத வந்தேன். என்னை உனக்குத் தெரியும், அதை எழுதவில்லை. நான் இருக்கிறவரை போகியன்று இந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்காது. அடுப்பில் எது வெந்தாலும் சரி, உன் பேரைக் கூப்பிடுவேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு, மீனாச்சி. வா.

உன் அம்மா வீட்டு மாப்பிள்ளை